கொத்தனார் தைத்த போர்வை

மார்ச் 9, திங்கள்

சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சவரிமுத்து தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். என் பேச்சைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி எழுதுவானாம். எழுதட்டும். பொய் மட்டும் சேர்க்கக் கூடாது.

(சேர்ப்பதற்கு இவன் இடம் விட்டால்தானே. – சவரி)

சாயங்காலமானால் யாரிடமாவது அன்றைய கதையைச் சொல்லியாக வேண்டும் என்றெல்லாம் எனக்கு இல்லை. அப்படி யாரும் நினைக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரி வெள்ளத்தாய், தை மாசக் கடைசியில் வத்தலக்குண்டில் இருக்கும் மகள் பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனாள். கொடைக்கானல் குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை என்று சொல்லிப் போனாள். போனவளுக்கு வருகிற பஸ்ஸும் தெரியும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு வடிக்கிறேன், ரசம் வைக்கிறேன்.

இன்று குழாயடியில் தையல் கூடத்து ஞானசுந்தரி டீச்சர் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, மதினியோட கூடை எங்ககிட்டயே கெடக்கு. பாதிப் போர்வைல விட்டுட்டுப் போயிட்டாக. எப்ப வருவாக?"

"அத அவளத்தான் கேக்கணும்."

"நீங்க கேட்டீங்களா?"

டீச்சர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்த அம்மாவுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் போகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கூடையை எடுத்து வரத்தான் போனேன். மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்!

தையல் கூடம் என்பது கோயிலுக்குப் பின்னால் ஒரு நீள அறை. ஆறு மிஷின், ஒரு பெரிய மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி. ஏழெட்டுப் பெண்கள் பழந்துணியை வெட்டி இணைத்துக் குளிர்ப் போர்வை தைக்கிறார்கள். வெள்ளத்தாயின் கூடையில் தைத்து முடித்த கட்டங்கள் கொஞ்சம் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அடடா, இது வீடு!

நடுவில் சிவப்பாக ஒரு சதுரம். அதை அடுப்பு என்கிறார்கள். அடுப்பைச் சுற்றி ஒரு இஞ்சு அகலத் துணிப்பட்டைகள், ஒன்றை அடுத்து ஒன்றாகச் சுவர் எழுப்பின மாதிரி. இரண்டு பக்கச் சுவர் வெளிர் நிறம், இரண்டு பக்கச் சுவர் கருத்த நிறம். விளக்கு வெளிச்சம் படுகிற பக்கமும் நிழல் விழுகிற பக்கமுமாம். இதற்குப் பெயர் வீட்டுக் கட்டம். நாற்பத்தைந்து வருஷமாக வீடு கட்டுகிறவன் நான். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இத்தனை வீடு கட்டியிருக்கிறாள், நான் ஒன்றையும் உற்றுப் பார்க்கவில்லை.

"மிச்சத்த நான் முடிச்சா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

மிஷின் சத்தம் மொத்தமாக நின்றது. ஜெபமணி என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது. "முடிக்கலாம்ண்ணே. ஆனா பட்டைக்கு எங்க போவீங்க? மதினி ஒரு கார்த்திகை பூரா உக்காந்து வெட்டி, கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருந்தாகளே. அதெல்லாம் இப்ப எந்த பங்களா பாத்ரூம்ல இருக்கு?"

"டைல்ஸ் நல்லாப் பளபளன்னு இருக்காம்டி" என்றாள் இன்னொருத்தி.

டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்ட் பாலை உடனே துடைக்காவிட்டால் கறை நின்றுவிடும். கைக்கு எட்டின துணியை எடுப்பதுதான் கொத்தனார் வழக்கம். கட்டுக் கட்டாகக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தால் யாருக்கும் கந்தல் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது, எடுத்துப் போய்த் துடைத்துவிட்டேன். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சவரி, நீயும் எழுதாதே.

(எழுதிவிட்டேன்.)

மார்ச் 12, வியாழன்

பாடம் ஆரம்பம்! ஜெபமணிதான் வாத்தியார். அவளுக்கு என் மகளைவிட நாலு வயது குறைவு.

முதலில் சிவப்புச் சதுரம். அதன் ஒரு விளிம்பில் வெளிர்ப்பட்டையை முகத்துக்கு முகம் வைத்துத் தைக்க வேண்டும். பட்டையை முன்கூட்டி நீளம் அளந்து வெட்டக் கூடாது. நீளமாகவே வைத்துத் தைத்து, விளிம்போடு விளிம்பாக மிச்சத்தை நறுக்க வேண்டும். அளந்து வெட்டினால் துணி இழுபட்டு முனை காதைத் தூக்குமாம். பிறகு பட்டையைத் திருப்பி இஸ்திரி போட வேண்டும். கட்டத்தைக் கால் வட்டம் திருப்பினால் அடுத்த விளிம்பு. இரண்டு வெளிர், இரண்டு கருப்பு, மறுபடி இரண்டு வெளிர். ஒவ்வொரு சுற்றுக்கும் மூலை மட்டம் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் நூல் கனம் கோணினால் நாலாம் சுற்றில் விரல் கனம் கோணும்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. மூலை மட்டம் பார்க்கிறவர்கள் உலகத்தில் கொத்தனார்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் மிதிக்கும்போதுதான் தகராறு. என் கால் வேகத்துக்கு ஊசி குதித்து ஓடியது.

"அண்ணே, இது கலவை மிஷின் இல்ல, மெதுவா!" என்று ஜெபமணி கத்தினாள்.

மார்ச் 17, செவ்வாய்

கருத்த பட்டைக்குத் துணி கிடைத்துவிட்டது. வெள்ளத்தாய் பட்டை வெட்டினது போக மீதிச் சேலைத்துண்டுகளை டிரங்குப் பெட்டியில் சுருட்டி வைத்திருந்தாள். நான் துடைக்க எடுத்துப் போன கட்டுகளில் எந்தத் துணி எந்த வரிசையில் இருந்தது என்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரே ஒரு நாள் பார்த்ததுதான். கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி முதலில். அது பாண்டீஸ்வரி பிறந்த வருஷம் பெரியகுளம் சந்தையில் எடுத்தது. கடைக்காரனுக்கு இடது கையில் ஆறு விரல். அடுத்தது மயில் கழுத்துப் பச்சை, என் தம்பி கல்யாணத்துக்கு. அன்று பந்தியில் அப்பளம் தீர்ந்துபோய் இவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்தது அரக்கு, ஓரத்தில் மாங்காய். செண்பகனூரில் மழைக்கு ஒதுங்கினபோது இதைத்தான் என் தலை மேலும் சேர்த்துப் பிடித்தாள்.

சேலையை எல்லாம் நான் கவனிக்கிறவன் இல்லை. கண்ணில் பட்டது மறக்காது, அவ்வளவுதான்.

நாளைக்கு வீட்டிலேயே எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் போய் ஜெபமணி வாயை அடைக்கப் போகிறேன்.

மார்ச் 18, புதன்

வெட்டியாகிவிட்டது! மொத்தத் துண்டும்! சுண்ணாம்பு நூல் அடித்துக் கோடு போட்டேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. சுவர் ஒரு இஞ்சு வர வேண்டும். இணைப்பு கால் இஞ்சு. அதனால் பட்டை முக்கால் இஞ்சு. என்ன கணக்கு!

மார்ச் 19, வியாழன்

ஜெபமணி என் பட்டையில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, இது என்ன அகலம்?"

"முக்கா இஞ்சு. தையல் கால் இஞ்சு சேந்தா ஒண்ணு."

"சேந்தாவா?"

தைத்துக் காட்டினாள். முக்கால் இஞ்சுப் பட்டையில் இந்தப் பக்கத் தையல் கால் இஞ்சைத் தின்றது. அந்தப் பக்கத் தையல் கால் இஞ்சைத் தின்றது. நடுவில் நின்றது கால் இஞ்சு. தீக்குச்சி மாதிரி.

செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் வைக்கிற சாந்து சுவரைக் கூட்டும். வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்குத்தான் போட்டிருக்கிறேன். துணியில் இணைப்பு குறைக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. ஒன்றரை இஞ்சு வெட்டியிருக்க வேண்டும்.

பெண்கள் எல்லாரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கொத்தனாரு துணிக்குச் சாந்து பூசிட்டாரு!" டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டுகளைப் புரட்டிப் பார்த்து, "இன்னும் மிச்சம் இருக்காண்ணே?" என்றார்.

இல்லை. கத்தரிப்பூவும் இல்லை, பச்சையும் இல்லை, அரக்கும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

ஒன்றும் எழுத வேண்டாம்.

மார்ச் 27, வெள்ளி

பாண்டீஸ்வரி போன் செய்தாள்.

"அப்பா, அம்மா இனிமே இங்கதான் இருக்கப் போகுதாம். பேர ஒங்க ரேஷன் கார்டுல இருந்து எடுத்து எங்க கார்டுல சேக்கப் போறோம். இவரு லீவு கெடைக்கிற அன்னிக்கு தாலுகா ஆபீஸ் கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு. ஒண்ணும் பேச மாட்டீங்கிறீங்க? அப்பா?"

"சேத்துக்கங்க" என்றேன். "கார்டுல என்ன இருக்கு."

"அம்மா பக்கத்துலதான் இருக்கு. பேசுறீங்களா?"

"அடுப்புல பாலு இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

நல்லதுதான். ஒரு ஆள் கார்டு என்றால் கடையில் சீக்கிரம் வேலை முடிந்துவிடும்.

(அடுப்பில் பால் எதுவும் இல்லை. என் வீட்டுத் தின்பண்டத் தட்டை முன்னால் வைத்தேன், தொடவில்லை. டீயை ஆறவிட்டு ஆறின டீயைக் குடித்தான். ஆறின டீயை இவன் குடித்து நான் பார்த்ததே இல்லை. – சவரி)

ஏப்ரல் 1, புதன்

சவரி, பெரிய எழுத்தில் எழுது! இன்று நடந்ததை என்னால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

காலையில் கூடத்துக்குப் போய், "தீக்குச்சியோ விறகோ, எங்கிட்ட இருக்கது இதுதான், தைக்கிறேன்" என்று உட்கார்ந்தேன். வெளிர்ப்பக்கத்துக்கு என்னுடைய பழைய வேட்டிகள். இந்தத் தடவை ஒழுங்காக ஒன்றரை இஞ்சு வெட்டினேன். வேட்டித்துணி நெளியும் என்று ஜெபமணி கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு விறைப்பாக்கிய பிறகுதான் வெட்டவிட்டாள். ஆக, வெளிர்ப்பட்டை தைத்தபின் ஒரு இஞ்சு, கருத்த பட்டை கால் இஞ்சு. ஒரு பக்கம் கோட்டைச் சுவர், ஒரு பக்கம் பனை ஓலை. அடுப்பு நடுவில் நிற்காமல் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. பார்க்கக் கோணல் மாணலாக இருந்தது. நாலு கட்டம் முடித்து மேசையில் வீசிவிட்டு வெற்றிலை போட வெளியே போனேன்.

உள்ளே ஜெபமணி கூச்சல். "அண்ணே! அண்ணே! ஓடியாங்க!"

கையை மிஷினில் விட்டுவிட்டாளோ என்று ஓடினேன். அவள் என் நாலு கட்டத்தையும் வெள்ளைப் பக்கம் உள்ளே வருகிற மாதிரி சேர்த்து வைத்திருந்தாள்.

நடுவில் நிலா!

வட்டம். உருண்டையான வட்டம். சுற்றிலும் மெல்லிசாகக் கத்தரிப்பூவும் பச்சையும் அரக்கும் வளைந்து போகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் நேர்ப்பட்டைதான். ஒரு இடத்தில்கூட வளைத்து வெட்டவில்லை. அகலமும் ஒல்லியும் படி படியாக ஏறும்போது கண்ணுக்கு வளைவாகத் தெரிகிறது. அறையின் மறுகோடியில் நின்று பார்த்தால் காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி இருக்கிறது.

நேர்ச் செங்கல்லை வைத்து வளைவு கட்டியிருக்கிறேன். முதல் வளைவுக்குக் கீழே முட்டுக்கட்டையைத் தட்டி எடுத்தபோது, அது விழாமல் நின்றதே, அன்றைக்கு அடித்த மாதிரி நெஞ்சு அடித்தது.

"இத வேணும்னு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?" என்றார் டீச்சர்.

"டீச்சர், தெரியாமத்தான்."

"மதினிக்குத் தெரியணும்ண்ணே இது."

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு கட்டம் முடித்து நூலை அறுத்து, அடுத்ததை எடுத்து என்று மெனக்கெடுவதில்லை இப்போது. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பட்டையை அடுத்தடுத்து ஓட்டி, மாலை மாதிரி தொங்கவிட்டு, பிறகு ஒரேயடியாக நறுக்குகிறோம். நான் தைக்கிறேன், ஜெபமணி நறுக்குகிறாள், டீச்சர் இஸ்திரி. தையல் மடிப்பை எப்போதும் வெளிப்பக்கம் சாய்த்துத்தான் தேய்க்க வேண்டும். உள்பக்கம் சாய்த்தால் அடுப்பு புடைத்துக்கொள்ளும். மொத்தக் கூடமும் என் நிலாவுக்கு வேலை செய்கிறது!

முதுகு வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன், அளவு தெரியாமல்.

கீழிருந்து வருகிற பஸ்கள் நிற்கிற பக்கம் சும்மா நடந்துவிட்டு வந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

(பாயசம் எங்கள் வீட்டுக்கு வந்தது. – சவரி)

ஏப்ரல் 17, வெள்ளி

முடிந்தது!

நடுவில் நிலாக்கள். நாலு ஓரத்திலும் வெள்ளத்தாய் தைத்து வைத்திருந்த கட்டங்கள், அவள் கட்டின வீடுகள், அளவு பிசகாமல். உள்ளே பஞ்சுத் தகடு, கீழே கெட்டித்துணி. மூன்றும் நகராமல் இருக்க மூலைக்கு மூலை நூல் முடிச்சு. பெண்கள் நாலு பேர் முனையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபமணி கேட்காமல் போட்டோ எடுத்துப் பாண்டீஸ்வரி போனுக்கு அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் பதில் பேச்சாக வந்தது. அதைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வைத்தாள். வெள்ளத்தாய் குரல். தை மாசத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன். லேசாகச் சளி பிடித்திருக்கிறது அவளுக்கு.

"நல்லாத்தான் இருக்கு. யாரு தைச்சா? யாரு வாங்கப் போறாகளோ குடுத்து வச்சவுக. டீச்சரக் கேட்டேன்னு சொல்லு. திங்கக்கெழம கார்டு மாத்தப் போறோம்."

அவ்வளவுதான்.

"வித்துருவோமாண்ணே?" என்றாள் ஜெபமணி. வேண்டுமென்றே கேட்கிறாள்.

"அவ வந்தா அவகிட்ட குடுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா புருசன்தான் போயிக் கூப்புடணும். எங்க ஐயா, ஒங்க ஐயா, எல்லாரும் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு மாமியா வீட்டு வாசல்ல நின்னவுகதான். நீங்க ஒரு தரமாவது வான்னு சொன்னீகளா? போர்வைக்குக் காலு மொளைச்சா நடந்து போகும்?"

அவளுக்குக் குளிர் ஆகவில்லை, முழங்கால், அதனால்தான் போனாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழெட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இதை வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சவரி எழுதுகிறான். துணைக்கு வருகிறேன் என்று அவனாகவே கிளம்பிவிட்டான்.

முதல் பஸ்ஸில் இறங்கினோம். மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. மகள் வீட்டை அடையும்போது சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. தலையில் போர்வை மூட்டை வேறு. வாசலில் மாப்பிள்ளை உதைத்துக் கிளப்பின பைக் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் நல்ல சேலை கட்டி, கையில் பையோடு பின்னால் ஏறப் போனாள்.

என்னைப் பார்த்தாள். சவரியைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். எனக்கு அந்த 'வாங்க'வும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அதை எல்லாம் விட்டுவிட்டு மூட்டையை வாசலில் இறக்கிப் பிரித்தேன். அவள் குனிந்தாள். முழங்காலைப் பிடிக்கவில்லை, சட்டென்று குனிந்தாள். முன்பக்கம் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைப் புரட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். கட்டை விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். பிறகுதான் முன்பக்கம். கத்தரிப்பூப் பட்டையில் விரல் நின்றது.

"இது என் சேல."

"மிச்சம் இருந்ததுல வெட்டுனேன்."

"இம்புட்டு ஒல்லியாவா? யாரு வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சாந்துக் கணக்கு போட்டுட்டேன்."

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. "தைச்சது?"

"நாந்தான்."

"நீங்களா?"

"ஜெபமணி சொல்லிக் குடுத்துச்சு."

"அவ வாயி சும்மா இருந்திருக்காதே."

"இருக்கல."

பைக் உறுமிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சவரி என் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டான். இன்னும் வலிக்கிறது.

"வீட்டுக்கு வா, வெள்ளத்தாயி" என்றேன். மகள், மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. "நீ இல்லாம பேச ஆள் இல்ல. இவன்கிட்டச் சொன்னா எழுதி வைக்கிறான், பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

அவள் போர்வையைத் தூக்கி உதறினாள். அந்த வெயிலில், காற்று ஒரு பொட்டு இல்லாத வாசலில், அதைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"எம்மா, கிறுக்கா ஒனக்கு? தெருவே பாக்குது" என்றாள் பாண்டீஸ்வரி.

"பாக்கட்டும்டி."

"அத்தை, அப்ப தாலுகா ஆபீசு?" என்றார் மாப்பிள்ளை.

"வண்டிய அமத்துங்க மாப்ள. பெட்ரோலு வீணாப் போகுது."

மேலே போகிற அடுத்த பஸ் எப்போது என்று சவரியிடம்தான் கேட்டாள், என்னிடம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம் என்று அவன் சொன்னான். இப்போது அவளும் மகளும் கடையில் சளி மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வந்ததும் ஏற வேண்டியதுதான்.

அந்தப் படியில் அவள் நெற்றியிலிருந்து வேர்வை ஓடி நாடியில் சொட்டியது. போர்வையை எடுக்கவில்லை. எடு என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.